அவரை மாவில் கிடைத்த ஸ்படிகம்

ஜீவராசிகளின் உடலுக்குள் கணந்தோறும் நிகழும் எண்ணற்ற ரசாயன மாறுதல்களை நடத்திவைக்கும் நொதிகள் எத்தகைய வஸ்துக்கள் என்பது, இருபதாம் நூற்றாண்டின் முதற் கால்பகுதி வரையில் எவராலும் திட்டமாகச் சொல்ல முடியாத விஷயமாக இருந்தது. 1897ல் எட்வர்டு புக்னர் ஈஸ்டை மணலோடு அரைத்துச் சாறு பிழிந்து, உயிரற்ற அச்சாறே சர்க்கரையைச் சாராயமாக்குவதைக் காட்டியபோது, நொதித்தலுக்கு உயிரணு இன்றியமையாதது என்ற நம்பிக்கை வீழ்ந்தது. 1907ல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் சாற்றில் இருந்து வேலை செய்வது எது என்று கேட்டால், அதன் செயலைச் சொல்வார்களே தவிர, அதன் உருவத்தைச் சொல்வார் இல்லை. ஒரு பொருளின் தொழிலை மட்டும் அளந்து, பொருளை அறியாமலே ஒரு தலைமுறை ஆராய்ச்சி நடந்துவிட்டது.

அந்நாளில் இத்துறையின் தலைமைப் பீடம் ஜெர்மனியின் மியூனிக் நகரில் இருந்தது. அதில் வீற்றிருந்த ரிச்சர்டு வில்ஸ்டேட்டர், இலைகளின் பச்சை நிறத்துக்குக் காரணமான பொருளை ஆராய்ந்து 1915ல் நோபல் பரிசு பெற்ற மேதை. அவருடைய கூட்டத்தார் நொதிகளை மேன்மேலும் சுத்தி செய்துகொண்டே சென்றார்கள்; இறுதியில் கிடைத்த கரைசலில் நொதியின் ஆற்றல் இருந்தது, ஆனால் புரதத்துக்குரிய ரசாயனச் சோதனைகள் எவையும் பலிக்கவில்லை. ஆகவே நொதி என்பது புரதம் அன்று, வேறொரு சூட்சுமமான சிறு வஸ்து; புரதமோ அதைச் சுமக்கும் பல்லக்குத் தூக்கி மட்டுமே என்பது அவர்கள் கண்ட சித்தாந்தம். ஓர் அணுவளவு நொதியே மலையளவு வேலை செய்ய வல்லது ஆதலால், சோதனைக்கு எட்டாத அளவுக்குப் புரதம் குறைந்திருந்தபோதும் ஆற்றல் புலப்பட்டது என்ற எளிய உண்மை அவர்களுக்குத் தோன்றவில்லை. அளவுக்கு மீறிய சுத்தத்தால் பொருளையே கைநழுவ விட்டார்கள் என்றுதான் சொல்லவேண்டும்.

இச்சித்தாந்தத்தை வீழ்த்தியவர் பெரிய பீடம் எதிலும் இருந்தவர் அல்லர். ஜேம்ஸ் சம்னர் 1887ல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கான்டன் என்னும் ஊரில் பிறந்தார். பதினேழாம் வயதில் வேட்டைக்குப் போன இடத்தில் உடன் வந்தவனின் துப்பாக்கிக் குண்டு பட்டு இடக்கையை முழங்கைக்குக் கீழே இழந்தார். அவரோ பிறவியிலேயே இடக்கைப் பழக்கம் உடையவர். எழுதுவது முதல் எல்லாக் காரியங்களையும் வலக்கையால் புதிதாகப் பழகி, டென்னிஸ் ஆட்டத்திலும் பெயர் பெற்றார். ஹார்வர்டில் உயிர் ரசாயனம் கற்கச் சென்றபோது, ஒற்றைக் கையோடு ரசாயனச் சாலையில் காலந்தள்ள முடியாது, சட்டம் படிப்பதே உசிதம் என்று பேராசிரியர் ஆட்டோ ஃபோலின் அபிப்பிராயம் கூறினார். சம்னர் அதைக் கேட்டுக்கொண்டு, 1914ல் அதே ஃபோலினிடம் டாக்டர் பட்டமும் பெற்று, இத்தாகா நகரில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியராக அமர்ந்தார்.

அங்கே போதனைப் பளு அதிகம், உபகரணங்கள் சொற்பம், ஆராய்ச்சிக்கு எஞ்சும் நேரமோ மிகச் சிறிது. சிறு பிரச்சினைகளில் அந்த நேரத்தைச் சிதறவிடுவதைக் காட்டிலும், வென்றால் பெரும் பயன் தரும் ஒரே முயற்சியில் அதைச் செலவிடுவதே மேல் என்று துணிந்து, 1917ல் ஒரு நொதியைத் தனியே பிரித்தெடுக்கத் தொடங்கினார். அவர் தேர்ந்துகொண்ட யூரியேஸ், யூரியாவை அம்மோனியாவாகவும் கரியமிலவாயுவாகவும் பிளப்பது. ரத்தத்திலும் சிறுநீரிலும் யூரியாவை அளக்க மருத்துவச் சாலைகளில் அக்காலத்திலேயே பயன்பட்டு வந்தது. நம் நாட்டில் வாளவரை என்றும் தம்பட்டங்காய் என்றும் வழங்கும் கொடிக்கு நெருங்கிய உறவான ஜாக் அவரையின் விதையில் இந்நொதி மிகுதியாக உண்டு என்று அதற்குச் சிறிது முன்னர்தான் கண்டிருந்தார்கள். விலை மலிவான விதையும், ஓர் அரவை எந்திரமும், சில கண்ணாடிக் குழாய்களும் போதுமென்பதால் வறிய ஆய்வுச்சாலைக்கு ஏற்ற பொருளாகவும் அது அமைந்தது.

ஆனால் காரியம் எளிதாக முடியவில்லை. விதையின் மாவிலிருந்து வேறு புரதங்கள் ஸ்படிகமாக வந்தன. அவற்றுள் ஒன்றாகிய கான்கானவாலின் பிற்காலத்தில் தனியாகப் பிரசித்தி பெற்றது. யூரியேஸ் மட்டும் வசப்படவில்லை. போதிய குளிர்ப்பெட்டி இல்லாத காலத்தில், சாராயம் கலந்த கரைசல்களை இரவில் ஜன்னல் விளிம்பில் வைத்து, பனி பொழியவேண்டுமே என்று காத்திருந்தார். 1921ல் ஓர் உதவித்தொகை கிடைத்து, பிரஸ்ஸல்ஸ் நகரில் நொதி நிபுணராக விளங்கிய ழான் எஃப்ரானிடம் வேலை செய்ய எண்ணியபோது, யூரியேஸைப் பிரித்தெடுக்கும் யோசனையே பரிகாசத்துக்குரியது என்று அவர் கருதியதால் அந்தத் திட்டமும் கைகூடவில்லை. இத்தாகாவில் நிபுணர்கள் இருந்திருந்தால் அங்கும் இதே பரிகாசந்தான் எழுந்திருக்கும். அங்கு அப்படிப் பரிகசிக்க வேறு நிபுணர் இல்லாதது அவருக்கு ஒருவகையில் அநுகூலமாயிற்று என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒன்பதாம் ஆண்டில், அதாவது 1926ல், சாராயத்துக்குப் பதிலாக அசிட்டோனைக் கையாண்டார். ஏறக்குறைய நூற்றுக்கு 32 பங்கு அசிட்டோன் கலந்த நீரில் அவரை மாவைக் கலக்கி, குளிரில் இராமுழுவதும் வடியவிட்டார். மறுநாள் காலையில் வடிந்த நீரில் ஒரு துளியை நுண்ணோக்காடியின் கீழ் வைத்துப் பார்த்தபோது, எட்டு முகங்கள் கொண்ட சின்னஞ்சிறு ஸ்படிகங்கள் தெரிந்தன. அவற்றைச் சுழற்றிப் பிரித்து, நீரில் கரைத்துச் சோதித்தால், யூரியேஸின் ஆற்றல் அதிகமாக இருந்தது. புரதத்தின் சோதனைகள் யாவும் பலித்தன. சம்னர் உடனே மனைவியைத் தொலைபேசியில் அழைத்து, முதல் நொதியை ஸ்படிகமாக்கிவிட்டதாகத் தெரிவித்தார்.

உலகம் அந்தச் செய்தியை அவ்வளவு உற்சாகத்தோடு ஏற்கவில்லை. வில்ஸ்டேட்டர் கூட்டத்தார், ஸ்படிகத்தின் மேல் உண்மையான நொதி ஒட்டிக்கொண்டிருக்கக் கூடும் என்றார்கள். 1930ல் ராக்பெல்லர் நிலையத்தில் ஜான் நார்த்ராப் பெப்சின் என்னும் நொதியை ஸ்படிகமாக்கி, கரைதிறனிலும் பிற குணங்களிலும் புரதமும் நொதியும் பிரிக்க முடியாதவை என்று பல வழிகளில் நிரூபித்த பிறகே எதிர்ப்பு தளர்ந்தது. 1946ல் ரசாயன நோபல் பரிசின் பாதி சம்னருக்கும், மறுபாதி நார்த்ராப்புக்கும் வெண்டல் ஸ்டான்லிக்கும் அளிக்கப்பட்டது.

ஸ்படிகம் கிடைத்ததும் உருவம் தெரிந்துவிட்டதென்று கொள்ளலாகாது. சம்னர் 1937ல் ஸ்வீடனுக்குச் சென்று, ஸ்வேட்பெர்க் என்னும் விஞ்ஞானியின் அதிவேகச் சுழற்சிப் பொறியின் துணையால் யூரியேஸின் மூலக்கூறு எடை ஏறத்தாழ 4,83,000 என்று கண்டார். அவ்வளவு பெரிய பொருளின் உள்ளமைப்பை அறிய அந்நாளில் வழி ஏது? பெர்னல், டாரதி கிரோஃபுட் என்னும் விஞ்ஞானிகள் 1934ல் ஈரம் உலராத பெப்சின் ஸ்படிகத்தில் உள்ளமைப்பைக் காட்டவல்ல எக்ஸ் கதிர்ப் புள்ளிகளைக் கண்டதே நம்பிக்கைக்கு விதையாயிற்று. 1965ல் டேவிட் பிலிப்ஸ் குழுவினர் லைசோசைமின் உருவத்தை லண்டனில் வரைந்தபோதுதான், ஒரு நொதியின் வடிவம் முதன்முதலாக மனிதர் கண்ணுக்குத் தெரிந்தது. சம்னர் அதற்குப் பத்தாண்டு முன்னரே காலமாகிவிட்டார்.

1975ல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து ஆராய்ச்சியாளர்கள் ஜாக் அவரையின் யூரியேஸில் நிக்கல் உலோகத்தைக் கண்டார்கள். யூரியாவைப் பிளப்பது இரண்டு நிக்கல் அணுக்களின் அருகில்தான் என்று தெரிந்தபோது, வில்ஸ்டேட்டரின் பல்லக்கு வாதத்துக்குச் சிறிது மரியாதை மீண்டதாக எனக்குப் படுகிறது. புரதத்துக்குள்ளே ஒரு சிற்றுருவம் அமர்ந்திருக்கத்தான் செய்தது. ஆயினும் புரதத்தை விட்டுப் பிரிந்தால் அதற்கு அந்த ஆற்றல் இல்லை. தூக்கியும் சவாரியும் தனித்தனியே நகர முடியாத கூட்டு என்பதே சம்னர் கண்டதன் முழு அர்த்தம்.

நுண்ணுயிர் ஒன்றின் யூரியேஸ் வடிவம், கார்னெலிலிருந்தே வந்தவர்களும் சேர்ந்து உழைத்து, 1995ல் வெளிவந்தது. சம்னரின் அவரையிலுள்ள யூரியேஸோ மேலும் பதினைந்து ஆண்டுகள் காத்திருந்து, 2010ல் சென்னையில் உருவம் பெற்றது. 1952ல் ஜி. என். ராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்து வளர்த்த படிகவியல் மரபின் வழித்தோன்றலான கிண்டி வளாகத்தின் துறையில், பாலசுப்பிரமணியன், பொன்னுராஜ் என்னும் இருவர் 2.05 ஆங்ஸ்ட்ராம் நுணுக்கத்தில் அதைத் தீர்த்தார்கள். முதல் ஸ்படிகத்துக்கும் இந்த வடிவத்துக்கும் இடையே எண்பத்து மூன்று ஆண்டுகளின் பயணம் இருந்தது என்பதைத் தங்கள் கட்டுரையின் தலைப்பிலேயே அவர்கள் குறித்தார்கள்.

விதைக்கு இந்நொதியால் என்ன லாபம் என்ற விசாரம் இப்போது முன்னுக்கு வந்திருக்கிறது. செடியின் யூரியேஸ் பூச்சிகளைக் கொல்லும் என்பதும், அந்தக் குணத்துக்கு யூரியாவைப் பிளக்கும் தொழிலோடு சம்பந்தமில்லை என்பதும், நுண்ணுயிர்களின் யூரியேஸுக்கு அக்குணம் கிடையாது என்பதும் முன்னரே தெரிந்தவை. விதையைத் தின்ற பூச்சியின் வயிற்றிலுள்ள நொதிகளே யூரியேஸை வெட்டி, விஷத்துண்டை விடுவிக்கின்றன. அத்துண்டில் வளைந்து திரும்பும் ஒரு பகுதி, உயிரணுவின் சவ்வைத் துளைத்துக் குழாயாக அமையக்கூடும் என்று சென்னை ஆராய்ச்சியாளர்கள் அனுமானித்தார்கள்.