பிஸ்தா பச்சைக்கு என்ன விலை?

புதிதாக வீடு கட்டுகிறவர்கள் கடைசியாகக் கை வைக்கும் இடம் பெரும்பாலும் குளியலறைதான். அதற்குள் கையிலிருந்த பணம் கம்பி, சிமெண்ட், கதவு, ஜன்னல் என்று கரைந்து போயிருக்கும். "கண்ணுக்குக் குளிர்ச்சியா, லைட் கலர்ல, கம்மி விலையில ஏதாவது காட்டுங்க" என்று டைல்ஸ் கடையில் கேட்பார்கள். வேப்பூர் கூட்டுரோட்டில் கேட்டாலும் சரி, சென்னையில் கேட்டாலும் சரி, கடைக்காரர் எடுத்துக் காட்டும் நிறங்களில் பிஸ்தா பச்சை நிச்சயம் ஒன்றாக இருக்கும்.

பார்க்க மிகச் சாதாரணமான நிறம். ஆனால் இந்த இளம் பச்சை ஒரு காலத்தில் பணக்காரர்களும் அரச குடும்பங்களும் மட்டுமே வாங்க முடிந்த பொருள். அதை எல்லோருக்கும் மலிவாகத் தர மனிதன் முயன்றபோதெல்லாம், எங்கோ ஒருவர் தன் உடம்பால் அதற்கு விலை கொடுத்திருக்கிறார். அந்தக் கதைதான் இது.

கப்பலில் வந்த பச்சை

சீனாவின் செஜியாங் மாகாணத்தில் லாங்சுவான் என்று ஓர் ஊர். சுமார் 800 ஆண்டுகளுக்கு முன்பு அங்கிருந்த சூளைகளில் செய்த பச்சைப் பீங்கான்களுக்கு உலகம் முழுவதும் கிராக்கி. இந்த வகைப் பீங்கானை 'செலடான்' என்பார்கள்.

அந்தப் பச்சைக்குக் காரணமான பொருள் எது தெரியுமா? இரும்பு! நம்மூர் மண்பானை சிவப்பாக இருப்பதற்கும் அதே இரும்புதான் காரணம். சூளையில் காற்று தாராளமாகப் போனால் மண்ணிலுள்ள இரும்பு ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு சிவக்கிறது. ஆனால் பீங்கானின் மேல் பூசும் கண்ணாடி போன்ற மெருகில் ஒன்றிரண்டு சதவீதம் இரும்பு ஆக்சைடு மட்டும் இருந்து, சுமார் 1200 முதல் 1300 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் காற்றைக் குறைத்துச் சுட்டால், அதே இரும்பு ஆக்சிஜனை இழந்து இளம் பச்சையாகிறது. நெருப்பின் அளவு கொஞ்சம் பிசகினாலும் பழுப்பாகிவிடும். அதனால்தான் அவ்வளவு விலை.

இந்தப் பீங்கான் தமிழ்நாட்டுக்கும் வந்திருக்கிறது. ராமநாதபுரம் மாவட்டத்தில் கடலோரத்தில் உள்ள பெரியபட்டினத்தில் 1980களில் தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகம் அகழாய்வு செய்தபோது, 13, 14ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்தன. அவற்றில் லாங்சுவான் பச்சை ஓடுகளும் உண்டு.

மேற்காசிய நாடுகளில் இந்தப் பச்சைத் தட்டைப் பற்றி ஒரு நம்பிக்கை இருந்தது. அதில் விஷம் கலந்த உணவை வைத்தால் தட்டு விரிசல் விடும் அல்லது நிறம் மாறும் என்றார்கள். அறிவியல்படி அது உண்மையல்ல. ஆனால் விஷத்தைக் காட்டிக்கொடுக்கும் என்று நம்பப்பட்ட அந்தப் பச்சை நிறமே, பின்னாளில் விஷமாக வீடுகளுக்குள் வந்தது!

உயிரைக் குடித்த பச்சை

1775இல் ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர் கார்ல் வில்லெம் ஷீலே ஒரு புதிய பச்சை நிறமியைக் கண்டுபிடித்தார். அதைச் செய்வது எளிது. மயில்துத்தக் கரைசலோடு வெள்ளைப் பாஷாணம் கலந்த காரக் கரைசலைச் சேர்த்தால் போதும், பளிச்சென்ற பச்சைத் தூள் அடியில் படியும். பாஷாணம் என்பது வேறொன்றுமில்லை, ஆர்சனிக்தான். 1814இல் இதைவிடப் பளபளப்பான இன்னொரு ஆர்சனிக் பச்சையும் ஜெர்மனியில் தயாரானது.

விலை குறைவு, நிறம் அருமை. ஐரோப்பா மயங்கிவிட்டது. சுவரில் ஒட்டும் வால்பேப்பர், திரைச்சீலை, துணிப்பூ, பொம்மை, மெழுகுவர்த்தி என எல்லாவற்றிலும் பச்சை. பணக்காரர் வீட்டு அலங்காரம் நடுத்தர வீட்டுக்கும் வந்துவிட்டது என்று எல்லோருக்கும் மகிழ்ச்சி.

1861 நவம்பரில் லண்டனில் மட்டில்டா ஷூரர் என்ற 19 வயதுப் பெண் இறந்தார். அவர் வேலை, துணியில் செய்த இலைகள் மீது பச்சைத் தூளைத் தூவுவது. நாள் முழுவதும் அந்தத் தூளைச் சுவாசித்தார். சாவதற்கு முன் அவருடைய கண்ணின் வெள்ளைப் பகுதிகூடப் பச்சையாக மாறியிருந்தது. அடுத்த ஆண்டே லண்டனின் லைம்ஹவுஸ் பகுதியில் ஒரே வீட்டுக் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தார்கள். சந்தேகம் அந்த வீட்டின் பச்சை வால்பேப்பர் மீது விழுந்தது.

குளியலறைக் கதைக்கு இது ஏன் முக்கியம்? ஈரம்தான் காரணம். ஈரமான சுவரில் பூஞ்சை பிடிக்கும். அந்தப் பூஞ்சை, வால்பேப்பரிலுள்ள ஆர்சனிக்கை வாயுவாக மாற்றி அறைக்குள் விடுகிறது என்று 1890களில் இத்தாலிய மருத்துவர் பார்த்தலோமியோ கோசியோ கண்டுபிடித்தார். அந்த வாயு அவ்வளவு கொடியதல்ல, உதிர்ந்த தூள்தான் அதிகக் கெடுதல் செய்திருக்கும் என்று பிற்கால ஆய்வாளர்கள் சிலர் சொல்கிறார்கள். எப்படியானாலும் ஈரச் சுவரும் ஆர்சனிக் பச்சையும் ஆகாத ஜோடி.

இதில் ஒரு வேதனையான செய்தியும் உண்டு. அழகான வால்பேப்பர் வடிவமைப்புகளுக்குப் பேர்போன வில்லியம் மோரிஸ், தொழிலாளர் உரிமைக்காகக் குரல் கொடுத்தவர். ஆனால் அவர் குடும்பத்துக்குச் செல்வம் தந்தது டெவன் கிரேட் கன்சால்ஸ் என்ற சுரங்கம். அங்கே செம்போடு ஆர்சனிக்கும் எடுத்தார்கள். மோரிஸ் 1875 வரை அதன் இயக்குநர்களில் ஒருவராக இருந்தார். அவருடைய ஆரம்பகால வால்பேப்பர்களிலும் ஆர்சனிக் பச்சை இருந்தது.

குரோமியம் வந்தது

இதற்கு மாற்று, சைபீரியாவிலிருந்து வந்த ஒரு சிவப்புக் கனிமத்தில் ஒளிந்திருந்தது. 1797இல் பிரெஞ்சு வேதியியலாளர் வோக்லன் அதிலிருந்து ஒரு புதிய உலோகத்தைக் கண்டறிந்தார். அதன் சேர்மங்கள் பல நிறங்களில் இருந்ததால், நிறம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குக் 'குரோமியம்' என்று பெயர் வந்தது.

குரோமியம் ஆக்சைடு பச்சை நிறம் கொண்டது. வெயிலில் வெளுக்காது, சூளை நெருப்பையும் தாங்கும், சுண்ணாம்பு, சிமெண்டின் காரத்துக்கும் அசையாது. செலடானைப் போலக் காற்றைக் குறைத்துச் சுட வேண்டிய கட்டாயமும் இல்லை. நம்மூர்ப் பழைய வீடுகளில் ரெட் ஆக்சைடு தரைக்குத் துணையாக ஆங்காங்கே பச்சைத் தரையைப் பார்க்கலாம். அந்தப் பச்சை ஆக்சைடு பொதுவாக இந்தக் குரோமியம் ஆக்சைடுதான்.

தூளாகச் சிமெண்டில் கலந்துவிட்ட இந்தப் பச்சையால் பெரிய ஆபத்து இல்லை. ஆனால் கதை அதோடு முடியவில்லை. இந்த நிறமியைத் தொழிற்சாலையில் செய்ய மூலப்பொருளாகப் பயன்படுவது சோடியம் டைகுரோமேட். அது குரோமியத்தின் நச்சு வடிவம், புற்றுநோயை உண்டாக்கக் கூடியது. தோல் பதனிடும் தொழிலுக்கான குரோமிய உப்புக்கும் அதுதான் மூலம். ராணிப்பேட்டையில் 1990களில் மூடப்பட்ட ஒரு குரோமிய உப்பு ஆலையின் கழிவு மலைபோல் குவிந்து கிடந்து, நிலத்தடி நீரை மஞ்சளாக்கியது. 2006இல் உலகின் மிக மாசுபட்ட 10 இடங்களில் ஒன்றாக அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் அமைப்பு ராணிப்பேட்டையைச் சேர்த்தது.

குளியலறைக்குள் நிறம்

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த பீங்கான் கழிப்பறைச் சாமான்கள் எல்லாம் பெரும்பாலும் வெள்ளை. வெள்ளையில்தான் அழுக்குத் தெரியும், அதுதான் சுகாதாரம் என்பது அன்றைய எண்ணம். 1914இல் சான் பிரான்சிஸ்கோவில் ஹாரி ஷெர்மன் என்ற அறுவை மருத்துவர் இதை மாற்றினார். இரத்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வெள்ளைச் சுவரைப் பார்த்தால் கண் கூசுகிறது என்று, அறுவை அரங்கின் தரைக்கும் சுவரின் கீழ்ப்பகுதிக்கும் பச்சை பூச வைத்தார். சிவப்புக்கு எதிர் நிறம் பச்சை என்பதால் கண்ணுக்கு ஓய்வு கிடைத்தது. பிறகு 1927இல் அமெரிக்காவின் கோலர் நிறுவனம் வண்ணக் குளியலறைச் சாமான்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்த வண்ணங்களில் 'ஸ்பிரிங் கிரீன்' என்ற இளம் பச்சையும் ஒன்று.

வேப்பூருக்குக் கிழக்கே

வேப்பூர் கூட்டுரோட்டிலிருந்து கிழக்கே திரும்பினால் விருத்தாசலம். பீங்கானுக்குப் பேர்போன ஊர். பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எடுக்க மேல்மண்ணைத் தோண்டும்போது வெள்ளைக் களிமண்ணும் கிடைக்கிறது. அந்த வசதியை ஒட்டி இங்கே பீங்கான் தொழிற்பேட்டையும், பீங்கான் தொழில்நுட்பத்துக்கென்றே ஓர் அரசுப் பயிலகமும் வந்தன. சிறு பட்டறைகளில் கொலு பொம்மை, அகல் விளக்கு, மின்சாதனத்துக்கான பீங்கான் உறுப்புகள் உருவாகின்றன. அச்சில் வார்ப்பது, பிசிறு சீவுவது, வண்ணம் பூசுவது என்று பெரும்பாலும் கைவேலைதான்.

ஆனால் விருத்தாசலத்துக்கு அருகிலேயே இருந்தும், வேப்பூரில் வீடு கட்டுகிறவர் வாங்கும் டைல்ஸ் பெரும்பாலும் குஜராத்தின் மோர்பியிலிருந்து வருகிறது. ராட்சத அழுத்த இயந்திரங்கள், நீளமான உருளைச் சூளைகள், பெருமளவு உற்பத்தி. சிறு பட்டறை அந்த விலையோடு போட்டியிட முடியாது. அந்த மலிவுக்கும் ஒரு மறுபக்கம் உண்டு. மோர்பியின் பல ஆலைகள் நிலக்கரியிலிருந்து மலிவான எரிவாயுவைத் தயாரித்துச் சூளை எரித்தன. அதனால் அங்கே காற்றும் நீரும் கெட்டன. 2019 மார்ச்சில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அந்த நிலக்கரி வாயுக் கலன்களை மூட உத்தரவிட்டது. ஆலைகள் இயற்கை எரிவாயுவுக்கு மாற வேண்டியதாயிற்று.

குறைந்த செலவில் பச்சை

அப்படியானால் பச்சையே வேண்டாமா? வேண்டும்! தெரிந்து வாங்கினால் போதும்.

முதலாவது, நான்கு சுவருக்கும் பச்சை டைல்ஸ் தேவையில்லை. தண்ணீர் தெறிக்கும் உயரம் வரை விலை குறைந்த வெள்ளை டைல்ஸ் ஒட்டி, நடுவில் ஒரே ஒரு வரிசை பச்சை வைத்தாலே அறை பச்சையாகத் தோன்றும்.

இரண்டாவது, பச்சை ஆக்சைடு பூச்சு. சாம்பல் நிற சிமெண்டில் கலந்தால் பாசி நிறம்தான் வரும். பிஸ்தா நிறம் வேண்டுமென்றால் வெள்ளை சிமெண்ட் வேண்டும். சிமெண்ட் எடையில் 5 சதவீதம், அதாவது 50 கிலோவுக்கு இரண்டரைக் கிலோ தாராளம். இளம் நிறத்துக்கு அதற்கும் குறைவாகப் போதும். மேல் பூச்சில் மட்டும் கலந்தால் செலவு இன்னும் குறையும். தேய்த்து வழவழப்பாக்கிய ஆக்சைடு ஈரத்தில் வழுக்கும் என்பதால் சுவரோடு நிறுத்திக்கொள்வது நல்லது. தரைக்குச் சொரசொரப்பான டைல்ஸே பாதுகாப்பு. தூளைக் கலக்கும் கொத்தனாருக்கு முகக்கவசம் வாங்கித் தருவது வீட்டுக்காரர் கடமை.

மூன்றாவது, கதவுக்கும் ஜன்னலுக்கும் அடிக்கும் பச்சை எனாமல் பெயிண்ட். மலிவான மஞ்சள், பச்சை எனாமல்களில் ஈயம் கலந்த நிறமி நெடுங்காலம் இருந்து வந்தது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் பொருள் அது. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்மைத் தாண்டக் கூடாது என்ற இந்திய அரசின் விதி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. டப்பாவில் அந்த அளவு அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் ஆகாது.

லண்டனில் அந்தப் பச்சை இலையைத் தலையில் சூடிய பெண்மணிக்கு மட்டில்டா ஷூரரின் பெயர்கூடத் தெரிந்திருக்காது. கடையில் ஒட்டியிருக்கும் விலைச்சீட்டு, பொருளுக்கு நாம் கொடுக்கும் பணத்தை மட்டும்தான் சொல்லும். மீதியை யார் கொடுக்கிறார்கள் என்று விசாரிப்பது வாங்குகிறவர் கையில்தான் இருக்கிறது.