கோடு போட்ட எண்

பழைய த்ரீ நாட் த்ரீ (.303 லீ என்ஃபீல்ட்) ரைஃபிள் ஒன்று கைக்கு வந்தால், மேகசினைக் கழற்றி, போல்ட்டைப் பின்னுக்கு இழுத்து, சேம்பரில் தோட்டா இல்லை என்று விரல் விட்டுப் பார்த்த பிறகு, என் கண் போகும் முதல் இடம் பட் சாக்கெட்டின் வலப்பக்கம். பட் மரம் வந்து சொருகும் இரும்பு வளையம் அது. அதில் மேலே கிரீடம், கீழே அரசரின் முதலெழுத்துகள், ஆலையின் பெயர், ஆண்டு, மாடல் என்று வரிசையாகப் பொறித்திருக்கும். பலர் அதை மட்டும் படித்துவிட்டு "இது 1912 என்ஃபீல்ட்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்தப் பொறிப்பு பேசுவது துப்பாக்கியின் உடலைப் பற்றி மட்டும்தான். பேரலுக்கும் போல்ட்டுக்கும் மரத்துக்கும் தனித்தனி வரலாறு உண்டு.

நான் ராணுவத்தில் ஈ.எம்.ஈ. பிரிவில் ஆர்மரராக வேலை பார்த்தவன். செகந்திராபாத்தில் தொழில் கற்றேன். வேலூர் பக்கம் எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போனவர்கள்தான். ஆனால் துப்பாக்கியைப் பிரித்துப் போட்டுப் பார்க்கும் வேலை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. எனக்கு வாய்த்தது.

உடலில் இருக்கும் எழுத்துகளிலிருந்தே தொடங்கலாம். எட்வர்ட் அரசர் காலத்தில் ஈ.ஆர்.; 1910-க்குப் பின் ஜார்ஜுக்கு ஜி.ஆர். இந்தியாவில் செய்ததென்றால் பேரரசர் என்பதற்கு ஓர் ஐ சேர்ந்து ஜி.ஆர்.ஐ. என்றும் வரும். ஆலை என்ஃபீல்டாக இருக்கலாம், பர்மிங்ஹாமின் பி.எஸ்.ஏ.வாக இருக்கலாம், லண்டனின் எல்.எஸ்.ஏ.வாக இருக்கலாம், ஆஸ்திரேலியாவின் லித்கோவாக இருக்கலாம், நம்முடைய இஷாப்பூராகவும் இருக்கலாம். கல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளிக் கரையில் இருக்கும் இஷாப்பூரில் கம்பெனி காலத்தில் வெடிமருந்து ஆலை இருந்தது. அந்த இடத்தில் 1904-ல் ரைஃபிள் ஆலை எழுந்தது. 1907-ல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்ற மார்க் 3 ரைஃபிளை, இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் நம்பர் 4 மாடலுக்கு மாறிய பிறகும் இஷாப்பூர் விடாமல் செய்துகொண்டிருந்தது. இந்தியா குடியரசான பிறகு கிரீடம் போய் அசோகச் சிங்கம் வந்தது, ஆர்.எஃப்.ஐ. என்ற எழுத்துகளும் வந்தன. அரசு உடைமையைக் காட்டும் அம்புக்குறிக்குக் கீழே ஓர் ஐ இருந்தால் அது பிரிட்டிஷ் இந்திய அரசின் உடைமை என்று பொருள். ஆலை இங்கிலாந்தில் இருந்தாலும் இந்தக் குறி இருந்தால் அந்த ரைஃபிள் நம் பக்கம் சேவை செய்தது.

அடுத்தது எண். ரைஃபிளின் எண் உடலின் முன்வளையத்திலும் பேரலிலும் இருக்கும். போல்ட் கைப்பிடியின் பின்புறம், பின்குறியான பேக்சைட் பட்டையின் அடிப்பக்கம், குழல் முனையிலுள்ள நோஸ்கேப், முன்மரமான ஃபோர்எண்ட் மரத்தின் முனை ஆகிய இடங்களிலும் அதே எண்ணைத் தேட வேண்டும். இவை ஒன்றுக்கொன்று பொருந்தாவிட்டால் பதறத் தேவையில்லை. எது பொருந்தவில்லை என்பதுதான் கேள்வி. பேக்சைட் மாறியிருந்தால் வேலை நடந்திருக்கிறது என்று மட்டும் அர்த்தம். போல்ட் மாறியிருந்தால் அந்த ரைஃபிளைச் சுடக் கூடாது. முதலில், போல்ட் முகத்துக்கும் பேரலுக்கும் இடையிலான இடைவெளியை அளக்கும் கேஜ் போட்டுப் பார்க்க வேண்டும். லீ என்ஃபீல்டின் போல்ட் பின்பக்கம் பூட்டிக்கொள்ளும் வகை. அதன் இரண்டு தாங்கு முனைகளும் உடலின் இரு பக்கமும் ஒரே சமயத்தில், ஒரே அழுத்தத்தில் உட்கார வேண்டும். மை தடவி, மூடித் திறந்து, எந்தப் பக்கம் மை அழிந்திருக்கிறது என்று பார்த்து, பிடிக்கும் பக்கத்தை எண்ணெய்க் கல்லில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து உட்கார வைப்போம். பிறகு கேஜ். 0.064 அங்குல கேஜில் போல்ட் மூட வேண்டும், 0.074-ல் மூடக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள ஆயிரத்தில் பத்து பங்கு அங்குல இடைவெளிக்குள்தான் சுடுபவன் முகத்தின் பத்திரம் இருக்கிறது. இந்த வேலையெல்லாம் முடிந்த பிறகே அந்தப் போல்ட்டுக்கு எண் கொடுப்போம்.

பழைய எண்ணை அரத்தால் தேய்த்து அழிப்பது எங்கள் வழக்கம் இல்லை. அதன் மேல் ஒரே ஒரு கோடு அடித்து, பக்கத்தில் புதிய எண்ணைப் பஞ்ச்சால் பொறிப்போம். பழைய எண் கோட்டுக்கு அடியில் தெளிவாகப் படிக்கக் கிடைக்கும். எங்கள் உஸ்தாத் இதில் மட்டும் இரக்கமே காட்டமாட்டார். "அழிச்சா பொய், அடிச்சா கணக்கு" என்பார். எந்த ரைஃபிளிலிருந்து எடுத்த போல்ட் எந்த ரைஃபிளுக்குப் போனது என்று கோத் என்னும் ஆயுதக் கிடங்கின் ரெஜிஸ்டர் எரிந்து போனாலும் இரும்பே சொல்லும்.

கடைசி வருடங்களில் நான் இருந்த என்.சி.சி. கோத்தில் ஒரு ரைஃபிள். பட் சாக்கெட்டில் ஜி.ஆர்., என்ஃபீல்ட், 1912. உடலின் வலப்பக்கம் கட்-ஆஃப் தகடு உட்காரும் பிளவு இருக்கிறது, தகடு இல்லை. தோட்டாவை மேகசினில் சேமித்து ஒவ்வொன்றாகக் கையால் போட்டுச் சுட வைக்கும் தகடு அது. 1916-ல் வந்த மார்க் 3 நட்சத்திர மாடலில் அதைக் கைவிட்டார்கள். 1912 ரைஃபிளின் ஃபோர்எண்ட் மரத்தில் இடப்பக்கம் தொலைதூரக் குறிவட்டு பதிய ஒரு குழிவு இருந்திருக்க வேண்டும். இதில் இல்லை. மேகசினுக்கு முன்னால் மரத்தின் குறுக்கே ஒரு திருகாணி போயிருந்தது. மரம் பிளந்துவிடாமல் இஷாப்பூர் ஆலை போடும் திருகாணி அது. பேரலிலும் இஷாப்பூர் முத்திரை. போல்ட்டில் இரண்டு எண்களுக்குக் கோடு, மூன்றாவது எண் உடலோடு பொருந்துகிறது. பட் மரத்தின் மேல் எஸ் என்று ஓர் எழுத்து. கை நீளம் குறைந்த சிப்பாய்க்காக அரை அங்குலம் குட்டையாகச் செய்த பட். இதையெல்லாம் தாண்டி டி.பி. என்று பெரிதாகப் பொறித்து, சேம்பரில் துளை போட்டிருந்தார்கள். டிரில் மட்டும்தான், சுட முடியாது. இங்கிலாந்தில் பிறந்த அந்த உடல், ஏற்கெனவே இரண்டு ரைஃபிள்களில் இருந்த ஒரு போல்ட்டை ஏற்றுக்கொண்டு, வங்காளத்தில் புதுப் பேரலும் புது மரமும் வாங்கி, கடைசியில் கல்லூரிப் பிள்ளைகளின் தோளுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இத்தனையும் கோடு போட்ட எண்களாலும் ஒரு திருகாணியாலும் தெரிந்தது.

இஷாப்பூர் கைவேலையில் தனியாகக் கவனிக்க வேண்டியது .410 மஸ்கெட். மார்க் 3 ரைஃபிளின் பேரலை உள்வரியில்லாமல் வழுவழுப்பாகத் துளைத்து, மேகசின் இடத்தை மரக்கட்டையால் அடைத்து, ஒரு தோட்டா மட்டும் சுடும்படி மாற்றிப் போலீசுக்குக் கொடுத்தார்கள். கலவரக் கூட்டத்தார் அதைப் பிடுங்கினாலும் ராணுவ ரைஃபிளாகப் பயன்படாது. வெளியிலிருந்து பார்த்தால் அசல் த்ரீ நாட் த்ரீ. பேரல் துளைக்குள் வெளிச்சம் அடித்துப் பார்க்காதவர்கள் ஏமாறுவது சகஜம்.

1962 சீனப் போருக்குப் பின் 7.62 தோட்டாவுக்காக அதே ஆலை செய்த 2ஏ, 2ஏ1 ரைஃபிள்களிலும் பாகக் கலப்பு உண்டு. அவற்றின் சதுர மேகசினைப் பார்த்ததும் அடையாளம் தெரியும். அவற்றின் உடல் இரும்பு வேறு, வலுவானது. பழைய த்ரீ நாட் த்ரீ உடலில் 7.62 பேரலைக் கோர்த்துப் பார்க்கும் ஆசை யாருக்கும் வரக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயமே இல்லை.

பொய்ப் பொறிப்பும் இருக்கிறது. கைபர் கணவாய்ப் பக்கம், தர்ரா ஆதம் கேல் பட்டறைகளில் கையால் செய்த நகல்களில் கிரீடம் கோணலாக இருக்கும், ஆங்கில 'N' எழுத்து திரும்பி நிற்கும். 1901-ல் இறந்த விக்டோரியாவின் வி.ஆர். எழுத்தை 1919 என்ற ஆண்டோடு சேர்த்துப் பொறித்த ரைஃபிள்கள்கூட உண்டு. அந்தக் கொல்லர்கள் கைத்திறனில் சளைத்தவர்கள் இல்லை. எழுத்துகளைப் படிக்கத் தெரியாமல் உருவமாகப் பார்த்து வெட்டினார்கள்.

அவர்களைவிட எனக்கு அதிகம் வலிப்பது இன்றைய வேலை. நம் சட்டத்தில் .303 சாதாரணக் குடிமகனுக்கு விலக்கப்பட்ட அளவு. ஆனால் வெளிநாடுகளுக்குப் போய்ச் சேர்ந்த நம் ரைஃபிள்களில் எண்கள் எல்லாம் ஒத்திருந்தால் விலை அதிகம். அதற்காகச் சிலர் போல்ட்டிலுள்ள பழைய எண்ணைச் சாணை பிடித்து, புதிய எண்ணைப் பொறித்து விற்கிறார்கள். அந்த இடத்தில் இரும்பு பள்ளமாகி இருக்கும். விளிம்பில் பழைய கறுப்புச் சாயம் வெட்டுப்பட்டு நிற்கும். எண்ணின் அச்சு உடலிலுள்ள அச்சோடு ஒத்துவராது. நகத்தால் தடவினாலே பள்ளம் தெரியும்.

2020 குடியரசு தினத்தன்று உத்தரப் பிரதேசப் போலீஸ் இந்த ரைஃபிளுக்கு விடை கொடுத்தது. மற்ற மாநிலக் கோத்துகளிலிருந்தும் கழித்துக்கட்டல் நடக்கிறது. கழிக்கும் பொறுப்பில் உள்ளவர்களுக்கும் அருங்காட்சியகத்துக்கு வாங்குபவர்களுக்கும் நான் சொல்வது இதுதான்: பாலிஷ் போடாதீர்கள். பட்டில் பித்தளை வட்டு இருந்தால் அதைத் தேய்க்காதீர்கள்; ரெஜிமென்டின் பெயர் அதில்தான் இருக்கும். உடல், பேரல், போல்ட், சைட், நோஸ்கேப், மரம் ஆறுக்கும் ஆறு வரி எழுதி, கோடு போட்ட எண்ணையும் சேர்த்து எழுதி வைத்துவிட்டு, அதற்குப் பிறகு வெட்டுவதோ கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பதோ உங்கள் விருப்பம்.