பம்பாயில் பிளேக்: மக்களை மாற்றியது எது?

2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது நம் அன்றாட வாழ்க்கை எப்படி மாறிற்று என்பதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அப்போது அரசுகள் பயன்படுத்திய சட்டங்களுள் ஒன்று எந்த ஆண்டைச் சேர்ந்தது தெரியுமா? 1897! பம்பாயில் பரவிய பிளேக் நோயை அடக்க ஆங்கில அரசு இயற்றிய சட்டம் அது. கொள்ளைநோய்க் காலத்தில் மக்களின் வாழ்க்கைமுறையை மாற்றுவது சட்டம்தானா? பம்பாயின் வரலாற்றைப் பார்ப்போம்.

1896 செப்டம்பரில், துறைமுகத்தை அடுத்த மாண்ட்வி பகுதியில் டாக்டர் வியேகாஸ் என்பவர் நோயைக் கண்டறிந்தார். தானியக் கிடங்குகளும் நெரிசலான வீடுகளும் நிறைந்த இடம் அது. நகரின் மக்கள்தொகை அப்போது சுமார் 8 லட்சம். சில மாதங்களுக்குள் ஏறக்குறையப் பாதிப்பேர் ஊரைவிட்டு ஓடிவிட்டனர். அச்சம் செய்த மாற்றம் இது.

ஓடாமல் நின்றவர்கள் பலர்; அவர்களை நிறுத்தியது பிழைப்பு. நூற்பாலைகளில் ஆள் பற்றாக்குறை ஏற்பட்டது. மாதச் சம்பளத்துக்குக் காத்திருந்த தொழிலாளர்கள் அன்றன்றைய கூலியை அன்றே கேட்டனர். ஆலைக்காரர்கள் தெருமுனைகளில் போட்டியிட்டு ஆள் பிடித்தனர்!

அரசு என்ன செய்தது? வீடு வீடாகச் சோதனை நடத்தி, நோயாளிகளைக் கட்டாயமாக மருத்துவமனைக்குக் கொண்டுசென்றது. அங்கே போனவர் திரும்பமாட்டார் என்று மக்கள் நம்பினர், நோயாளிகளை மறைத்தனர். 1896 அக்டோபரில் ஆலைத் தொழிலாளர் கூட்டம் ஒன்று ஆர்தர் சாலை மருத்துவமனையைத் தாக்கியது. புனேயில் படைவீரர்களைக் கொண்டு சோதனை நடத்திய ராண்ட் என்ற அதிகாரி 1897 ஜூனில் சுடப்பட்டார். ஆனால் அந்தந்தச் சமூகத்தாரே மருத்துவமனைகள் அமைத்தபோது, அதே மக்கள் தயக்கம் குறைந்து அங்கே சென்றனர். நோய் ஒன்றே, மாறியது நம்பிக்கை.

இன்னொரு குறையும் இருந்தது. நோய் பரவும் வழியை அரசே அறிந்திருக்கவில்லை. சாக்கடைகளில் கார்பாலிக் அமிலத்தை ஊற்றினார்கள். ஆனால் பகைவன் எலியின் உடலில் ஒளிந்திருந்தான்! பிளேக் கிருமியால் எலி இறந்து உடல் குளிர்ந்ததும், அதன் மேலிருந்த தெள்ளுப்பூச்சிகள் புதிய இரை தேடி மனிதரைக் கடிக்கின்றன. 1898இல் கராச்சியில் சைமண்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் சோதனை மூலம் இதைக் காட்டினார். அதை அறிஞர்கள் ஏற்கவே பல ஆண்டுகள் ஆயின.

வியப்பு என்னவென்றால், இமயமலைப் பகுதியில் கர்வால், குமாவோன் கிராமத்தார் இதற்கு வெகுகாலம் முன்பே எலிகள் செத்து விழுந்தால் ஊரைக் காலி செய்துவிடுவார்கள். காரணம் தெரியாவிட்டாலும் கண்டறிந்த அனுபவம் அவர்களைக் காத்தது.

1898இல் பம்பாயில் நகர மேம்பாட்டு அறக்கட்டளை தோன்றியது. அகன்ற சாலைகளும், தாதர், மாதுங்கா போன்ற காற்றோட்டமான குடியிருப்புகளும் உருவாயின. ஆனால் இடிக்கப்பட்ட வீடுகளிலிருந்த ஏழைகள் பலருக்கு அங்கே குடியேற வசதியில்லை. அவர்கள் வேறு நெரிசலுக்கே சென்றனர்.

அன்பர்களே, ஆணையால் கதவைத் திறக்க வைக்கலாம். பழக்கத்தை மாற்ற முடியாது. அதற்கு நோயைப் பற்றிய அறிவு வேண்டும், சொல்பவர்மீது நம்பிக்கை வேண்டும், சொன்னபடி நடக்க வயிற்றுக்குச் சோறும் வேண்டும். 2020இல் வேலையிழந்து நெடுஞ்சாலைகளில் நடந்தே ஊர் திரும்பிய தொழிலாளர்களை நினைத்துப் பாருங்கள். பம்பாயின் பாடத்தை நாம் முழுமையாகக் கற்றுவிட்டோமா?