புற்றுநோய்க் கிருமியைக் கண்ட மூவர்

பெருங்கண்டுபிடிப்புகளைப் பற்றிப் படிக்கும்போது ஒரு பெயரை மட்டுமே நாம் நினைவிற் கொள்கிறோம். அப்பெயருக்குப் பின்னே நின்று உழைத்தவர்களைக் கேட்பாரும் இல்லை, சொல்வாரும் இல்லை. ஆயினும் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தின் வாயிலைத் தாண்டி உள்ளே சென்று பார்த்தால், அங்கே பலர் கூடி உழைப்பதையே காண்போம். ஒருவர் கருவியை இயக்குவார். ஒருவர் உயிரணுக்களை வளர்ப்பார். ஒருவர் கேள்வியை எழுப்புவார். மூவரும் சேர்ந்தாலன்றி விடை கிடைப்பதில்லை.

அத்தகைய கூடம் ஒன்றின் வரலாற்றையே இம்மலரில் கூற விழைகின்றேன். லண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிடில்செக்ஸ் மருத்துவமனைக் கல்லூரியில் அது இயங்கி வந்தது. அங்கே உழைத்த மூவரில் ஒருவர் லண்டன் மாநகரிலேயே பிறந்தவர். மற்றொருவர் டிரினிடாட் தீவினர். மூன்றாமவர் அயர்லாந்துப் பெண்மணி. பிழைப்பை நாடி ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு, இக்கூட்டுறவின் கதை இனிமை தருவதில் வியப்பில்லை.

பழைய ஐயம்

புற்றுநோய்க்கும் வைரஸ் என்னும் நுண்கிருமிக்கும் தொடர்பு உண்டோ என்னும் ஐயம் மிகப் பழையது. 1908ஆம் ஆண்டில் டென்மார்க்கு நாட்டில் எல்லெர்மான், பாங் என்னும் இருவர், கோழிகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோயை நுண்கிருமி வழியாக மற்றக் கோழிகளுக்குப் பரவச் செய்து காட்டினர். 1911இல் நியூயார்க்கின் ராக்பெல்லர் நிறுவனத்தில் பெய்டன் ரௌஸ், கோழியின் உடலில் வளரும் கட்டி ஒன்றும் அவ்வாறே பரவுவதை மெய்ப்பித்தார். கோழிக்கு வருவது மனிதனுக்குப் பொருந்துமோ என்று கூறி அறிஞர் பலர் அதனைப் பொருட்படுத்தவில்லை. ரௌஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது 1966இல். அரை நூற்றாண்டுக்கும் மேலாக அவர் காத்திருக்க நேர்ந்தது!

மனிதனுக்கு வரும் புற்றுநோயில் ஒரு வைரஸைக் கண்ணாற் காணும் வரை இவ்வையம் தீராது என்பது தெளிவாயிற்று. அதற்கு வழிகாட்டியது லண்டனுக்கு நெடுந்தொலைவில் இருந்த ஓர் ஆப்பிரிக்க மருத்துவமனை.

கம்பாலாவில் கண்ட கட்டி

உகாண்டா நாட்டின் கம்பாலா நகரில், முலாகோ மருத்துவமனையில், டெனிஸ் பர்க்கிட் என்னும் அயர்லாந்து அறுவை மருத்துவர் பணியாற்றி வந்தார். 1957இல் ஒரு சிறுவனை அவரிடம் காட்டினர். அவனுடைய தாடையின் இருபுறமும் மேலும் கீழும் வீங்கியிருந்தன. அத்தகைய கட்டியை அவர் அதற்கு முன் கண்டதில்லை. சில வாரங்களுக்குள் வேறோர் ஊரில் அதே வகை வீக்கத்துடன் மற்றொரு குழந்தையைக் கண்டார். பழைய மருத்துவக் குறிப்புகளைத் துருவிப் பார்த்தார். வெவ்வேறு பெயர்களால் எழுதி வைக்கப்பட்டிருந்த பல கட்டிகள் உண்மையில் ஒரே நோய் என்பது புலனாயிற்று. 1958இல் அதனை உலகுக்கு அறிவித்தார்.

இந்நோய் எங்கெங்கே உள்ளது என்று அறிய அவர் மேற்கொண்ட பயணமும் நினைவுகூரத் தக்கது. 1961ஆம் ஆண்டின் இறுதியில் நண்பர்கள் இருவருடன் ஒரு பழைய மோட்டார் வண்டியில் ஏறிப் பத்து வாரங்களில் ஏறத்தாழ 10,000 மைல் சுற்றினார். வெப்பமும் மழையும் மிகுந்த தாழ்நிலங்களில் நோய் இருந்தது. குளிர்ந்த மேட்டு நிலங்களில் இல்லை. மலேரியா பரவும் நிலப்பரப்பும் இந்நோய் வழங்கும் நிலப்பரப்பும் பெரிதும் ஒத்திருந்தன.

அப்பயணத்திற்கு முன்பே, 1961 மார்ச்சு 22ஆம் நாள், பர்க்கிட் லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். கேட்டவர்களுள் ஒருவர் அந்தோணி எப்ஸ்டீன்.

ஈராண்டுத் தோல்வி

எப்ஸ்டீன் 1921இல் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் கற்றவர். இராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்து நம் இந்திய மண்ணிலும் சில காலம் பணியாற்றியவர். கோழிகளைத் தாக்கும் ரௌஸ் வைரஸைப் பல்லாண்டு ஆராய்ந்தவர். நியூயார்க்கிற்குச் சென்று எலெக்ட்ரான் நுண்ணோக்கியைக் கையாளவும் பயின்றிருந்தார். நிலத்தையும் தட்பவெப்பத்தையும் பொறுத்து ஒரு புற்றுநோய் வருகிறது என்றால், உயிருள்ள ஏதோ ஒன்று அதற்குக் காரணமாதல் வேண்டும் என்று அவர் உள்ளம் சொல்லிற்று. சொற்பொழிவு முடிந்ததும் பர்க்கிட்டைக் கண்டு பேசினார். கட்டியின் துண்டுகளை விமானத்தில் அனுப்பி வைக்க ஏற்பாடாயிற்று.

துண்டுகள் வந்தவண்ணம் இருந்தன. எப்ஸ்டீன் அவற்றை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். ஒன்றும் தென்படவில்லை. கோழி முட்டைகளிலும் வளர்ப்பு உயிரணுக்களிலும் செலுத்திப் பார்த்தார். பயன் இல்லை. ஈராண்டு இவ்வாறே கழிந்தது. வேறு எவரும் கைவிட்டிருப்பர்.

அந்நிலையில் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 45,000 டாலர் உதவித்தொகை அளித்தது. அதைக் கொண்டு இருவரைத் துணைக்கு அமர்த்த முடிந்தது. ஒருவர் பெர்ட் அச்சாங். டிரினிடாடில் பிறந்து, அயர்லாந்தில் மருத்துவம் பயின்றவர். எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் கைதேர்ந்தவராக விளங்கினார். மற்றவர் இவோன் பார். டப்ளின் நகரில் விலங்கியல் கற்றவர். உடலுக்கு வெளியே உயிரணுக்களை வளர்க்கும் கலையை அறிந்தவர். கட்டியில் நேரே காண இயலாத வைரஸ், அக்கட்டியின் உயிரணுக்களைத் தனியே வளர்த்தால் வெளிப்படலாம் அன்றோ? அவ்வழியை இப்போது முயன்றனர்.

மூடுபனியில் வந்த குப்பி

1963 டிசம்பரில் உகாண்டாவிலிருந்து வந்த விமானம், லண்டனில் மூடுபனி சூழ்ந்திருந்தமையால் மான்செஸ்டர் நகருக்குத் திருப்பி விடப்பட்டது. குப்பி கூடத்தை வந்தடையப் பல மணி நேரம் தாமதமாயிற்று. திறந்து பார்த்தால், கட்டித் துண்டு மிதந்த நீர் கலங்கியிருந்தது. கலங்கல் என்றால் பாக்டீரியா புகுந்துவிட்டது என்று பொருள், கொட்டிவிட வேண்டியதுதான்.

எப்ஸ்டீன் கொட்டவில்லை. ஒரு துளியை எடுத்துச் சாதாரண நுண்ணோக்கியில் வைத்தார். பாக்டீரியா எதுவும் இல்லை! கலக்கத்திற்குக் காரணம் உயிருள்ள கட்டி உயிரணுக்கள். வழிப்பயணத்தின் குலுக்கலில் அவை துண்டின் ஓரத்தினின்று உதிர்ந்து நீரில் தனித்தனியே மிதந்து கொண்டிருந்தன. அதுவரை துண்டுகளைக் கண்ணாடியில் ஒட்டி வளர்க்க முயன்று தோற்றவர்களுக்கு, மிதக்க விட்டு வளர்க்கலாம் என்னும் உண்மையை அம்மூடுபனியே கற்றுக் கொடுத்தது.

உயிரணுக்கள் பெருகின. எப்ஸ்டீன், பார் ஆகிய இருவரின் பெயர் முதலெழுத்துகளைக் கொண்டு அவ்வளர்ப்புக்கு ‘ஈ.பி.’ என்று பெயரிட்டனர். 1964 பிப்ரவரி 24ஆம் நாள் எப்ஸ்டீன் அவற்றை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தார். முதலிற் பார்த்த இடத்திலேயே ஓர் உயிரணு நிறைய வைரஸ்கள்! மின்கற்றையின் சூட்டில் அது கருகிவிடுமோ என்று அஞ்சிக் கருவியை நிறுத்தினார். மேலங்கியும் அணியாமல் வெளியே சென்று, பனியில் தெருவைச் சுற்றி நடந்தார். உள்ளம் அமைந்த பின் திரும்பி வந்து பார்த்தார். வைரஸ் அங்கேயே இருந்தது.

1964 மார்ச்சு 28ஆம் நாள் ‘லான்செட்’ இதழில் கட்டுரை வெளிவந்தது. எப்ஸ்டீன், அச்சாங், பார் என மூவரும் அதில் கையொப்பமிட்டிருந்தனர்.

பெயரும் பணியும்

இது புதிய வைரஸ்தானா என்று ஆராய, உயிரணுக்கள் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் வெர்னர், கெர்ட்ரூட் ஹென்லே தம்பதியரிடம் சென்றன. புதியதே என்று அவர்கள் உறுதி செய்தனர். வளர்ப்பின் பெயரை ஒட்டி ‘எப்ஸ்டீன்–பார் வைரஸ்’ என்னும் பெயர் நிலைத்தது. கட்டுரையில் இரண்டாவதாக நின்ற அச்சாங்கின் பெயர் அதில் இடம்பெறவில்லை.

ஹென்லேயின் கூடத்திலும் ஒரு நிகழ்ச்சி. அங்குப் பணிபுரிந்த இளம்பெண் ஒருவரின் இரத்தத்தில் இவ்வைரஸின் எதிர்ப்பொருள் முன்பு இல்லை. 1967இல் அவர் சுரப்பிக் காய்ச்சலால் படுத்து எழுந்தார். பிறகு சோதித்தால் எதிர்ப்பொருள் இருந்தது! அக்காய்ச்சலுக்கும் இவ்வைரஸே காரணம் என்று 1968இல் வெளியிட்டனர். வளர்ந்தோரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கும் மேல் இதனை உடலில் தாங்கி வாழ்கின்றனர் என்பதை இன்று அறிவோம். பெரும்பாலோர்க்கு அது கேடு செய்வதில்லை. மலேரியா அடிக்கடி தாக்கி உடலின் காவலைக் குலைக்கும் இடத்தில்தான் பர்க்கிட் கண்ட கட்டி மிகுதியாகத் தோன்றுகிறது. 1997இல் உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் இதனை மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பது என்று வகைப்படுத்தியது.

ஒரு விளக்கில் மற்றொரு விளக்கை ஏற்றுவது போல ஆராய்ச்சியும் பரவுகிறது. ஹென்லேயிடம் பயின்ற ஜெர்மானிய இளைஞர் ஹரால்ட் சூர் ஹௌசன், பின்னாளில் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குப் பாப்பிலோமா வைரஸ் காரணம் என்று நிறுவி, 2008இல் நோபல் பரிசு பெற்றார். அதன் பயனாக வந்த தடுப்பூசி 2006 முதல் வழக்கில் உள்ளது. நம் நாட்டிலேயே உருவான ஒன்றுக்கு 2022இல் ஒப்புதல் கிடைத்தது. பெண்மக்களைப் பெற்ற நம் குடும்பத்தினர் மருத்துவரிடம் இதுபற்றிக் கேட்டறிதல் நலம்.

மூவரின் பிற்கால வாழ்வையும் சொல்ல வேண்டும். எப்ஸ்டீன் 1968இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். அரசின் உயர் விருதுகள் பெற்று, 2024இல் தம் 102ஆம் வயதில் மறைந்தார். அச்சாங் அவருடனேயே பிரிஸ்டல் சென்று, 1971இல் மனிதரிடம் வேறொரு புதிய வைரஸையும் கண்டார், 1996இல் காலமானார். இவோன் பார் 1966இல் முனைவர் பட்டம் பெற்று, மணம் புரிந்து ஆஸ்திரேலியா சென்றார். அங்கே ஆராய்ச்சிப் பணி அவருக்கு வாய்க்கவில்லை. பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றி 2016இல் மறைந்தார். உலகெங்கும் மருத்துவ நூல்களில் தம் பெயர் அச்சாகியிருக்க, அவர் சிறுவர்க்குப் பாடம் சொல்லி வந்தார்!

நால்வரென்று சொல்வதே முறை. மூடுபனியில் வந்த குப்பியில் இருந்தது ஓர் ஆப்பிரிக்கக் குழந்தையின் கட்டி. அக்குழந்தையின் பெயர் எவ்வைரஸுக்கும் சூட்டப்படவில்லை. ஆயினும் அவ்வுயிரணுக்கள் இல்லையேல் இக்கதையே இல்லை. பெயர் பெற்றவரைப் போற்றும்போது, பெயர் பெறாதவரையும் ஒருகணம் நினைப்போமாக.