சர்வரில் ஃபைல் சிஸ்டம் சிதைந்தால் என்ன செய்வது? ‘ரிப்பேர்’ கொடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

2013 மார்ச் 22. ‘கேடிஇ’ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தின் நிரல்களைச் சேமித்து வைத்திருந்த சர்வர், பாதுகாப்பு அப்டேட்டுக்காக நிறுத்தப்பட்டு மீண்டும் இயக்கப்பட்டது. ஆன் ஆனதும் பார்த்தால், ஃபைல் சிஸ்டம் சிதைந்து கிடந்தது. அதில் இருந்தவை சுமார் 1,500 நிரல் களஞ்சியங்கள்.

நகல் சர்வர்கள் இருந்தனவே, பிறகென்ன பயம் என்று தோன்றலாம். சிக்கலே அங்கேதான். எந்தெந்தக் களஞ்சியங்கள் இருக்கின்றன என்று சொல்லும் பட்டியல் ஃபைலும் பழுதாகிவிட்டது. அந்தப் பட்டியலை நம்பிய நகல் சர்வர்கள், அதில் இல்லாதவற்றைத் தாங்களாகவே அழித்துவிட்டன. புதிதாக அமைக்கப்பட்டு வந்த ஒரே ஒரு சர்வரில் மட்டும் முழுப் பிரதி தப்பியிருந்தது. அதனால் திட்டம் பிழைத்தது.

பெரிய சர்வரில் ஃபைல் சிஸ்டம் ஏன் சிதைகிறது? எப்படிச் சரிசெய்கிறார்கள்? எதைச் செய்யவே கூடாது? பார்க்கலாம்.

ஃபைல் சிஸ்டம் என்றால் என்ன?

டிஸ்க்கை நிலம் என்று வைத்துக்கொண்டால், ஃபைல் சிஸ்டம்தான் பட்டா, சிட்டா, புலப்படம் எல்லாம். எந்த ஃபைல் டிஸ்க்கில் எந்த இடத்தில் இருக்கிறது, யாருடையது, எவ்வளவு பெரியது என்ற பதிவேடு அது. பதிவேடு குழம்பினால் நிலம் எங்கும் போய்விடாது. ஆனால் எது யாருடையது என்று சொல்ல ஆள் இருக்காது.

ஏன் சிதைகிறது?

எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போவது, டிஸ்க் தேய்வது, ரெய்டு கார்டு அல்லது கேபிள் கோளாறு, மெமரி பழுது, மென்பொருள் பிழை எனக் காரணங்கள் பல. திடீர் மின்தடையைச் சமாளிக்கத்தான் ‘ஜர்னல்’ இருக்கிறது. செய்யப்போகும் மாற்றத்தை முதலில் அதில் குறித்துவிட்டுப் பிறகுதான் பதிவேட்டைத் திருத்துவார்கள். ஆனால் டிஸ்க்கே தவறான தகவலைத் தந்தால் ஜர்னலால் காப்பாற்ற முடியாது.

முதல் வேலை என்ன?

கை வைக்காமல் இருப்பதுதான். சர்வரில் எழுதும் வேலைகளை எல்லாம் நிறுத்த வேண்டும். நகல் எடுக்கும் தானியங்கி வேலைகளையும் உடனே நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் நல்ல பிரதியின் மேல் கெட்ட பிரதி போய் உட்கார்ந்துவிடும்.

அடுத்து, டிஸ்க்கை அப்படியே வேறொரு டிஸ்க்குக்கு நகல் எடுக்க வேண்டும். டிஸ்க்கே தேய்ந்திருந்தால் ‘டிடிரெஸ்க்யூ’ உதவும். நன்றாகப் படிக்க முடிகிற பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, பழுதான இடங்களைக் கடைசியில் முயலும் கருவி இது. ரிப்பேர் வேலை முழுக்க நகலின் மேல்தான் நடக்க வேண்டும்.

இங்கே பலர் கவனிக்காத விஷயம் ஒன்று இருக்கிறது. ‘படிக்க மட்டும்’ என்று மவுன்ட் செய்தாலும், இஎக்ஸ்டி4 போன்றவை ஜர்னலில் பாக்கி இருப்பதை டிஸ்க்கில் எழுதிவிடும். அதைத் தடுக்கத் தனி ஆப்ஷன் கொடுக்க வேண்டும்.

ரிப்பேர் கருவி என்ன செய்கிறது?

லினக்ஸில் இதற்கான கருவியின் பெயர் ‘எஃப்எஸ்சிகே’. இஎக்ஸ்டி4-ல் அது 5 கட்டங்களாகச் சோதிக்கும். முதலில் ஒவ்வொரு ஃபைலின் பதிவு, பிறகு ஃபோல்டர்கள், அவற்றுக்கு இடையிலான தொடர்பு, எத்தனை பெயர்கள் ஒரு ஃபைலைக் காட்டுகின்றன என்ற கணக்கு, கடைசியில் காலியிடக் கணக்கு.

ஒரே இடத்துக்கு இரண்டு ஃபைல்கள் உரிமை கோரினால் அதைப் பிரித்து வைக்கும். ஃபைல் இருக்கிறது, ஆனால் எந்த ஃபோல்டரிலும் பெயர் இல்லை என்றால், ‘லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்’ என்ற ஃபோல்டரில் வெறும் எண்ணைப் பெயராக வைத்துப் போட்டுவிடும். பட்டா இல்லாததைப் புறம்போக்கில் சேர்ப்பது மாதிரி.

முக்கியமாகப் புரிந்துகொள்ள வேண்டியது இதுதான்: இந்தக் கருவியின் வேலை பதிவேட்டை முரண் இல்லாமல் ஆக்குவது. உங்கள் டேட்டாவை மீட்பது அதன் வேலை இல்லை. கணக்கு நேராக வேண்டும் என்பதற்காகச் சில பதிவுகளை அது நீக்கவும் செய்யும். அதனால்தான், எதையும் மாற்றாமல் பிழைகளை மட்டும் பட்டியலிடும் ஆப்ஷனில் முதலில் ஓட்டிப் பார்க்க வேண்டும். பட்டியல் ஆயிரக்கணக்கில் நீண்டால், எல்லாவற்றுக்கும் ‘யெஸ்’ கொடுப்பது ஆபத்து.

எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தா?

இல்லை. இஎக்ஸ்டி4-ல் ‘சூப்பர்பிளாக்’ எனப்படும் தலைப்புப் பதிவு போய்விட்டாலும், அதன் பிரதிகள் டிஸ்க்கில் வேறு இடங்களில் இருக்கும். வழக்கமான 4 கேபி பிளாக் அளவில் முதல் பிரதி 32,768-வது பிளாக்கில் கிடைக்கும்.

எக்ஸ்எஃப்எஸ் என்றால் ‘எக்ஸ்எஃப்எஸ் ரிப்பேர்’ என்ற தனிக் கருவி. பெரிய டிஸ்க்குகளில் இது மெமரியை நிறையச் சாப்பிடும். அதில் ஜர்னலை அழித்துவிட்டுத் தொடரும் ஆப்ஷன் கடைசி வழி மட்டுமே. பிடிஆர்எஃப்எஸ்-ல் ரிப்பேர் ஆப்ஷனை விவரம் தெரிந்தவர் சொல்லாமல் ஓட்டக் கூடாது என்று அதன் கையேடே எச்சரிக்கிறது. இசட்எஃப்எஸ்-க்கு எஃப்எஸ்சிகே கிடையாது. அதற்குப் பதில், டேட்டாவைப் படித்துச் சரிபார்க்கும் ‘ஸ்க்ரப்’ இருக்கிறது.

எவ்வளவு நேரம் ஆகும்?

10 டெராபைட் டிஸ்க்கை நொடிக்கு 200 எம்பி வேகத்தில் நகல் எடுக்கவே கிட்டத்தட்ட 14 மணி நேரம் பிடிக்கும். ரிப்பேர் நேரம் அதற்கு மேல். அதில் டிஸ்க்கின் அளவைவிட, எத்தனை லட்சம் ஃபைல்கள் இருக்கின்றன என்பதே பெரும்பாலும் முக்கியம். சர்வர் முடங்கியிருக்க, மேலிடத்தில் இருந்து போன் வந்துகொண்டே இருக்கும்போது, நகல் எடுப்பதைத் தவிர்க்கத்தான் மனம் சொல்லும். டேட்டா நிரந்தரமாகப் போவது பெரும்பாலும் அந்த அவசரத்தில்தான்.

ரெய்டு இருக்கே, போதாதா?

போதாது. ஒரு டிஸ்க் செத்தால் ரெய்டு காப்பாற்றும். தவறான தகவலை எழுதினால், அதையும் எல்லா டிஸ்க்குகளிலும் ஒழுங்காக எழுதி வைக்கும். கேடிஇ-யின் நகல் சர்வர்களுக்கு நடந்ததும் கிட்டத்தட்ட அதுதான்.

எனவே பேக்கப் என்பது மூல சர்வரைப் பார்த்துத் தானாக மாறாத, பழைய தேதிப் பிரதிகளும் உள்ள தனி நகலாக இருக்க வேண்டும். மாதம் ஒரு முறையாவது அதிலிருந்து சில ஃபைல்களை எடுத்து, திறக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். சர்வர் படுத்த பிறகு அந்தச் சோதனையைச் செய்து பலன் இல்லை.