நான்காம் வர்க்கமும் அதனுடன் ஒன்றும்

சமண ஆகமங்களுள் ஒன்றாகிய அனுயோகத்வார சூத்திரம், மனிதரின் தொகையைக் கூறுமிடத்தில், இரண்டின் ஐந்தாம் வர்க்கத்தை ஆறாம் வர்க்கத்தால் பெருக்கி வரும் எண்ணைக் குறிக்கிறது. இரண்டின் முதல் வர்க்கம் 4; அதனை வர்க்கித்தால் 16; பின்னர் 256, 65,536; ஐந்தாவது 4,29,49,67,296. அப்பெருக்கற்பயன் 29 இலக்கங்கள் உடையது. 96 முறை பாதியாக்கத்தக்கது.

அந்நூல் இவ்விடத்தில் பகா எண்ணைத் தேடவில்லை. இதே வரிசையுடன் ஒன்றைக் கூட்டிப் பார்க்கும் எண்ணம், பல நூற்றாண்டுகளுக்குப் பின், இதனோடு தொடர்பேதுமின்றிப் பிரான்சு நாட்டில் எழுந்தது. 2, 4, 16, 256, 65,536 ஆகியவற்றோடு ஒன்றைக் கூட்டினால் 3, 5, 17, 257, 65,537. ஐந்தும் தம்மாலும் ஒன்றாலும் அன்றி வேறெதனாலும் மீதியின்றி வகுபடாத பகா எண்கள். 65,537இன் வர்க்கமூலம் 256ஐச் சற்றே கடப்பதால், 256க்கு உட்பட்ட 54 பகா எண்களால் வகுத்துப் பார்த்தாலே இது விளங்கிவிடும். இவ்வரிசை முழுவதும் இவ்வாறே அமையும் என 1640இல் ஃபெர்மா நம்பினார். நிறுவ அவரால் இயலவில்லை.

அந்நம்பிக்கை அடுத்த எண்ணிலேயே தகர்ந்தது. 1732இல் ஆய்லர், 4,29,49,67,297 என்பது 641ஐ 67,00,417ஆல் பெருக்கிய பயனே எனக் காட்டினார். பின்னாளில் அவர் நிறுவிய விதிப்படி, இவ்வெண்ணின் காரணிகள் 64இன் மடங்கோடு ஒன்று கூடியவையாகவே இருத்தல் வேண்டும். அவ்வடிவிலுள்ள பகா எண்கள் 193, 257, 449, 577, 641 எனச் செல்கின்றன. ஐந்தாம் முயற்சியில் விடை கிட்டிவிடுகிறது! பெருங்கணித அறிஞராகிய ஃபெர்மா இதனைக் காணத் தவறியது வியப்பே. ஆறாம் வர்க்கத்துடன் ஒன்று கூடிய எண்ணை 2,74,177 வகுக்கும் என்பதை 1880இல், தம் 82ஆம் அகவையில், லாந்திரி கண்டறிந்தார். 65,537க்கு அப்பால் இவ்வரிசையில் இன்றளவும் ஒரு பகா எண்ணும் கிட்டவில்லை. இனி இல்லை என எவரும் நிறுவவுமில்லை.

இவ்வெண்களுக்கு வடிவியலிலும் இடம் உண்டு. கவராயமும் நேர்விளிம்பும் மட்டும் கொண்டு 17 பக்க ஒழுங்குப் பலகோணத்தை வரையலாம் என 1796இல் இளைஞரான காஸ் கண்டார். 65,537க்கும் அது பொருந்தும். அதன் வழிமுறையை எழுதி முடிக்க ஹெர்மெஸ் என்னும் ஜெர்மானியர் பத்தாண்டுகள் உழைத்து 1894இல் நிறைவு செய்தார். வரைந்தாலும் வட்டத்தினின்று பிரித்தறிய இயலாத உருவம் அது! அக்கையெழுத்துப் படி கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் காக்கப்படுகிறது.

இன்று இணையவழிச் செய்திகளைக் காக்கும் ஆர்.எஸ்.ஏ. மறையீட்டு முறையில், பொதுத் திறவுகோலின் அடுக்காகப் பெரும்பாலும் 65,537ஐயே வைக்கின்றனர். ஓர் எண்ணை அவ்வடுக்குக்கு உயர்த்தக் கணினி அதனைப் பதினாறு முறை தொடர்ந்து வர்க்கித்து, இறுதியில் முதலெண்ணால் ஒருமுறை பெருக்கினால் போதும்.