கடல்மல்லைக் கரையும் சிவகாமியின் சபதமும்

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகக் கடல்மல்லைக்குச் செல்லும் சாலை ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவே உடையது. அத்தொலைவுக்குள் பல்லவர் வரலாறு மூன்று இடங்களில் கல்லிலே நிற்கிறது. செங்கற்பட்டை அடுத்த வல்லத்தில், முதலாம் மகேந்திரவர்மனுக்கு அடங்கிய சிற்றரசன் ஒருவனின் மகன் கந்தசேனன் குடைவித்த கோயில் இருக்கிறது. அங்குள்ள கல்வெட்டு மகேந்திரனின் விருதுப் பெயர்களை அடுக்கிச் சொல்கிறது. திருக்கழுக்குன்றத்தில் முதலாம் ஆதித்த சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று பழைய அறக்கொடையைப் புதுப்பிக்கிறது. புதுப்பிக்கும்போது, வாதாபி கொண்ட நரசிங்கப் போத்தரையர் அதனைக் காத்துவந்ததை நினைவுகூர்கிறது. சாலை முடியும் இடத்தில் மாமல்லபுரம்.

இம்மூன்று இடங்களிலும் காணப்படாத பெயர் ஒன்று உண்டு. அது சிவகாமி. அவளுக்குக் கல்வெட்டு இல்லை, செப்பேடு இல்லை, அவள் தந்தை ஆயனருக்கும் இல்லை. எனினும் கல்கியின் புதினத்தைக் கற்றவர் எவரும் மல்லையின் பாறைகளுக்கிடையே நடக்கும்போது அவளை நினையாமல் திரும்புவது அரிது. ஆவணத்தில் இடம்பெறாத ஒரு பெண் ஓர் ஊரின் நினைவில் இவ்வாறு குடியேறியது எப்படி என்ற வினாவுக்கு விடை தேடினால், அது இரு நண்பர்களின் உரையாடலில் சென்று முடிகிறது.

வட்டத்தொட்டி வளர்த்த சுவை

ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் சட்டம் பயின்றவர். 1930களின் முற்பகுதியில் இந்து அறநிலையப் பாதுகாப்பு வாரியத்தின் ஆணையராகவும் பணியாற்றியவர். ஆயினும் தமிழுலகம் அவரை நினைப்பது அவர் வகித்த பதவிகளுக்காக அன்று. திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் அவர் இல்லத்தில் கூடிய 'வட்டத்தொட்டி'க்காகவே நினைக்கிறது. வீட்டின் தொட்டிக்கட்டில் நண்பர்கள் அமர, ஒரு பாடல் எடுத்துக்கொள்ளப்படும். அதை அவர் நிதானமாகச் சொல்லுவார், மீண்டும் சொல்லுவார். சொல்லின் ஒலி எங்கே ஏறுகிறது, உணர்ச்சி எங்கே திரும்புகிறது என்று காட்டுவார். இலக்கணக் குறிப்பும் பாட ஆராய்ச்சியும் பின்னுக்குப் போகும்; பாவமும் உருவமும் முன்னே வரும். தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான், பின்னாளில் ஷேக்ஸ்பியரைத் தமிழாக்கிய நீதிபதி எஸ். மகராஜன் முதலியோர் அந்த அவையில் வளர்ந்தவர்கள். 1939இல் காரைக்குடியில் சா. கணேசன் தொடங்கிய கம்பன் திருநாளுக்கு முதலில் தலைமை ஏற்றவரும் ரசிகமணியே.

அவருடைய முறைக்கு மறுப்பும் இருந்தது. தம் சுவைக்கு ஒவ்வாத கம்பன் பாடல்களை இடைச்செருகல் என்று தள்ளியதையும், பாடங்களைத் திருத்தியதையும் புலவர்கள் பலர் கண்டித்தனர். அக்கண்டனம் நியாயமானதே. உணர்ச்சியை அளவுகோலாகக் கொள்பவர் தம் உணர்ச்சியையே சான்றாகக் கொள்ளும் ஆபத்து அங்கு உண்டு. ஆனால் சுவைத்தல் என்பது தனியொருவர் இன்பமன்று, பலர் கூடிப் பகிரும்போதே முழுமை பெறுவது என்று நடைமுறையில் காட்டிய பெருமை அவருக்கே உரியது.

மணலில் விழுந்த வித்து

கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி அந்த நட்பில் ஆழ்ந்து திளைத்தவர். ரசிகமணியுடன் மாமல்லபுரக் கடற்கரையில் அமர்ந்திருந்த ஒருபொழுதில்தான் 'சிவகாமியின் சபதம்' நெஞ்சில் கருக்கொண்டது என்பதை அவரே நூலின் முன்னுரையில் பதிவு செய்திருக்கிறார். அக்கரு உடனே எழுத்தாகிவிடவில்லை. 1941இல் 'கல்கி' இதழ் தோன்றியபின் முதலில் வெளிவந்த வரலாற்றுத் தொடர் 'பார்த்திபன் கனவு'. அதில் நரசிம்மவர்மன் முதிர்ந்த பேரரசன். வாதாபிப் போர் முடிந்த கதை. 1944 முதல் 1946 வரை வெளிவந்த 'சிவகாமியின் சபதம்' அவனது இளமைக்குத் திரும்புகிறது. பின்னே வந்த நூல் முன்னே நடந்ததைச் சொல்லுகிறது.

கல்கி கற்பனையாக எழுதியது எது, வரலாற்றிலிருந்து பெற்றது எது என்று பிரித்தறிவது சுவைக்கு இடையூறன்று, துணையே ஆகும். மகேந்திரனுக்கு 'விசித்திரசித்தன்' என்ற விருது உண்மையில் உண்டு. மண்டகப்பட்டுக் குடைவரையின் கல்வெட்டு அதற்குச் சான்று. கல்லில் ஒற்றைச் சொல்லாகக் கிடந்த அவ்விருதை, மாறுவேடம் பூண்டு நாட்டைச் சுற்றும் கூர்மதியுடைய மன்னனாகக் கல்கி விரித்தார். மகேந்திரன் இயற்றிய 'மத்தவிலாசப் பிரகசனம்' என்ற அங்கத நாடகம் 1917இல் திருவனந்தபுரத்தில் அச்சேறியிருந்ததால், அவன் நகையுணர்வும் புனைவன்று என்பது தெளிவு. மணிமங்கலப் போரும் வாதாபி வெற்றியும் கூரம் செப்பேடுகளில் வருகின்றன. பரஞ்சோதி வாதாபியை வென்றபின் சிவத்தொண்டில் இறங்கிச் சிறுத்தொண்டர் ஆனதைப் பெரியபுராணம் கூறுகிறது. வாதாபி வீழ்ந்த ஆண்டு 642 என்பது வரலாற்றறிஞர் பொதுவாக ஏற்கும் முடிவு.

இவையனைத்தும் எலும்புக்கூடு. அதற்கு உயிர் கொடுத்தது சபதம்.

எவர் குற்றம்?

புலிகேசியால் சிறைப்பட்டு வாதாபி சென்ற சிவகாமி, அந்நகரம் எரிந்தாலன்றி வெளியேறுவதில்லை என்று சூளுரைக்கிறாள். மாமல்லனே மாறுவேடத்தில் வந்து அழைத்தபோதும் அவள் உடன் செல்ல மறுக்கிறாள். ஆண்டுகள் கழிகின்றன. மாமல்லன் பாண்டிய இளவரசியை மணக்கிறான். பின்னர் படையெடுத்து வாதாபியை எரிக்கிறான். சபதம் நிறைவேறுகிறது, வாழ்வு சிதைகிறது. நான்காம் பாகத்துக்குக் கல்கி இட்ட பெயரே 'சிதைந்த கனவு' என்பதாகும்.

இந்நூலைக் கூடிப் பேசும் அவைகளில் வாதம் எழும் இடம் இதுவே. மாமல்லன் காதலுக்குத் துரோகம் செய்தானா? அரசனின் கடமை அவனைக் கட்டியதா? அழைத்தபோது வராத சிவகாமியே தன் துயருக்குக் காரணமா? பாரதியின் பாஞ்சாலி பகைவரை நோக்கிச் சூளுரைத்தாள். அச்சூள் பகைவரையே அழித்தது. சிவகாமியின் சூளோ, அதை நிறைவேற்ற வேண்டிய காதலனையும் கூறிய தன்னையும் ஒருங்கே கட்டியது. சினத்தில் பிறந்த சொல், சினம் ஆறிய பின்னும் ஆணையாக நின்றுவிடுகிறது. கவிஞர்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி இது: கூறியவரையே ஆளும் வல்லமை சொல்லுக்கு உண்டு.

இத்துயர முடிவு கல்கியின் விருப்பம் மட்டுமன்று. வரலாற்றின் நெருக்கடியும் ஆகும். நரசிம்மவர்மனுக்குப் பின் அவன் மகன் இரண்டாம் மகேந்திரன் அரியணை ஏறினான். ஆகவே ஓர் அரசி இருந்தாக வேண்டும். சிற்பியின் மகள் அவ்விடத்தில் அமர முடியாது. ஆவணத்தின் அந்த ஒரு கடினமான உண்மையே புதினத்தின் உணர்ச்சியை ஆழப்படுத்தியது எனலாம். வாரந்தோறும் திருமணத்தை எதிர்நோக்கிய வாசகர்க்கு ஆசிரியர் எளிய மகிழ்ச்சியை அளிக்கவில்லை. ஏகாம்பரநாதர் திருமுன் தன்னை ஒப்படைத்து ஆடும் சிவகாமியையே அளித்தார்.

அந்த முடிவை அது எழுதப்பட்ட காலத்தோடு சேர்த்துக் காண்பது தகும். 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் இசை, நடன விமரிசனம் எழுதியவர் கல்கி. ரசிகமணியும் அவரும் 1940களின் தமிழிசை இயக்கத்தில் தோள்கொடுத்தவர்கள். சதிராட்டம் பரதநாட்டியம் என்ற பெயரில் புதிய மேடைகளை அடைந்துகொண்டிருந்த காலம் அது. கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டும் வழக்கத்தைச் சென்னை மாகாணச் சட்டம் 1947இல் தடை செய்தது. அதற்கு முந்தைய ஆண்டில் நிறைவுற்ற இந்நூல், ஆடற்கலை வல்ல பெண்ணின் பெருமை எங்கே தங்குகிறது என்ற வினாவை உள்ளடக்கியிருக்கிறது. கடவுளையே கணவனாக வரித்த முடிவு அவளுக்கு விடுதலையா, மற்றொரு சிறையா? இன்றைய வாசகர் இரண்டாவது விடையையும் எடுத்துரைக்க உரிமை உடையவர்.

கல்லும் கதையும்

கல்கிக்குப் பின்னும் மல்லை ஆராய்ச்சி நிற்கவில்லை. மாமல்லபுரத்தின் படைப்புகள் அனைத்தும் ராஜசிம்மனுக்கே உரியவை என்று இரா. நாகசாமி 1962இல் எடுத்துரைத்தார். அதை ஏற்போரும் உண்டு. பெரும்பகுதி மாமல்லன் காலத்தது என்று கொள்வோரும் உண்டு. நாளை எந்த முடிவு வென்றாலும், பாறையைச் செதுக்கிய கைகள் எவருடையவை என்ற வினா எஞ்சும். அக்கைகளுக்கு ஆயனர் என்று ஒரு பெயரையும், இழந்த மகளை எண்ணி ஏங்கும் ஒரு நெஞ்சையும் அளித்தது புதினம். அது வரலாறு அன்று. ஆனால் வரலாறு விட்டுச்சென்ற வெற்றிடத்தின்மீது செலுத்தப்பட்ட அன்பு. இரண்டையும் குழப்புவது வரலாற்றுக்கு இழைக்கும் தீங்கு. ஒன்றைக் காட்டி மற்றொன்றை இகழ்வது இலக்கியத்துக்கு இழைக்கும் தீங்கு.

ரசிகமணி 1954 பிப்ரவரியில் மறைந்தார். அவ்வாண்டு டிசம்பரில் கல்கியும் மறைந்தார். வட்டத்தொட்டியில் பேசப்பட்டவற்றுள் பெரும்பகுதி காற்றோடு போயிற்று. கடிதங்களும் கட்டுரைகளும் சிலவே எஞ்சின. மல்லை மணலில் அன்று பேசிய பேச்சும் அவ்வாறே போயிருக்கும், கேட்டவர் அதனை நெஞ்சில் வைத்துக் காத்திராவிட்டால்.

இலக்கிய வட்டங்களின் பயன் யாது என்று ஐயுறுவோர்க்கு இதுவே விடையாகும். கூடிப் பேசுவோர் அனைவரும் புதினம் படைப்பதில்லை. ஒருவர் உணர்ந்து சொல்ல, மற்றொருவர் உள்ளம் கலந்து கேட்க, எங்கோ ஒரு நெஞ்சில் வித்து விழுகிறது. அது முளைக்கப் பத்து ஆண்டுகளும் ஆகலாம். ஆகவே அவை கூடுதல் வேண்டும், பேசுதல் வேண்டும், பேசியதை எழுதி வைத்தலும் வேண்டும்.